பிசிறு

பரந்தன் சந்தியில், உரக்கடைக்கு மேல்மாடியில்
றெஜினோல்டின் ஸ்ரூடியோ.
பகலில் அந்தக் கணினி கலியாண அல்பம் செய்யும்.
இரவு எட்டரைக்குப் பிறகு எனக்கு.
வாடகைக்குப் பதிலாக
மாதம் ஒருமுறை அவருடைய பிரிண்டரைக்
கழற்றிப் பூட்டி உயிர்ப்பிப்பேன்.

நான் அதனிடம் கேட்பது இவ்வளவுதான்:
ஓர் ஊசல். கீழே முக்கோணமாய் மூன்று காந்தம்.
எங்கிருந்து கைவிட்டால்
எந்தக் காந்தத்தின் மேல் போய் ஓயும்?
சிவப்பு, நீலம், மஞ்சள்.
ஒவ்வொரு பிக்சலும் ஒரு தொடக்கம்.
நிறம், அதன் முடிவு.

முதலில் மேற்பரப்பை மட்டும் வரைந்தேன்.
மூன்று குழி,
குழிக்கும் குழிக்கும் நடுவே சேணம்போல் வளைந்த மேடு.
கம்பிவலையாக்கிச் சுழற்றினால்
மழை விட்ட மறுநாள் உழவு மெசின் திரும்பிய
வயல்மூலை.
குழிக்குள் விட்ட புள்ளி குழிக்குள்ளேயே நின்றது.
அதில் பார்க்க ஒன்றுமில்லை.

தூரத்தில் விடவேண்டும்.
அப்போதுதான் அது
ஒன்றை நெருங்கி, மனம் மாறி, மற்றதைச் சுற்றி,
வந்த வழியையே வெட்டிக்கொண்டு போகும்.

படம் வரிவரியாய் இறங்கும்.
ஒரு வரிக்கு நாற்பது செக்கன், தொள்ளாயிரம் வரி:
விடிந்துவிடும்.
எதிர்ப்பக்க அரிசி ஆலை ஓய்ந்த பிறகும்
விசிறி இரைந்துகொண்டிருக்கும்.
ஏ-ஒன்பதில் வெட்டு மெசின் ஏற்றிய லொறி போனால்
மேசை அதிரும், தேத்தண்ணி அதிரும்,
திரைக்குள் ஊசல் அதிராது.
அது எனக்குப் பிடிக்கும்.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
யூ.பி.எஸ் ஏழு நிமிடம் கத்தும்.
வந்தவரை சேமித்துவிட்டு
மிச்ச நேரத்தில் விளிம்பொன்றைப் பெருப்பித்தேன்.
ஒரு பிக்சல் சிவப்பு.
ஒட்டினாற்போல் அடுத்தது நீலம்.

விசுவமடு தாண்டி வந்த வரிசையில்
எனக்கு முன்னால் நடந்தவள் தினோசா.
செருப்பு வார் அறுந்து குனிந்தாள்.
நான் அவளைக் கடந்தேன்.
ஓர் அடி.

ஓர் அடி எத்தனை பிக்சல் என்று
மட்டையொன்றின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
பிறகு வெட்டினேன்.
உராய்வு எவ்வளவென்று தெரியாத இடத்துக்கு
சமன்பாடு எழுதக் கூடாது.

திரை அணைந்தது. நுளம்பு வந்தது.
வாங்கில் படுத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு றெஜினோல்ட் வந்து
அரைவாசிப் படத்தைத் திறந்து வைத்துப் பார்த்தார்.
கன நேரம் பார்த்தார்.
"நல்ல பெக்கிறவுண்ட் தம்பி" என்றார்.

நான் முகம் கழுவி வருவதற்குள்
கண்டாவளைக் கலியாணச் சோடி
என் ஊசலுக்கு முன்னால் நின்றது.
மாப்பிள்ளையின் தோள் நீலத்தில்.
குயிலினியின் கூறைக்கரை மஞ்சளில்.
இரண்டு பேருக்கும் நடுவே
மூன்று நிறமும் நாராய்க் கிழிந்து பின்னிய எல்லை.

"இந்தச் சிவப்பை மட்டும் எடுத்துவிடேலாதோ?
ரெண்டு பேருக்கு ரெண்டு நிறம் காணும்."

ஏலாது அண்ணை.
எந்த இரண்டு நிறம் தொட வந்தாலும்
அந்த இடத்தில் மூன்றாவதும் வந்து நிற்கும்.
நான் வைத்ததில்லை. அது அப்படித்தான்.

"அப்ப இந்தப் பிசிறையாவது
கொஞ்சம் மழுப்பித் தாரும்."

மழுப்பவும் ஏலாது.
கிட்டப் போகப் போகப் பிசிறுக்குள் பிசிறு.
பத்து மடங்கு போனேன், ஆயிரம் மடங்கு போனேன்.
ஒரு கோடு என்று சொல்லக்கூடிய கோடு
எங்கேயும் வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிச்
சாரத்தில் துடைத்தார்.
கதவு வரைக்கும் பின்னால் நடந்து போய்
அங்கே நின்று
ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இஞ்ச நிண்டு பார்த்தா வடிவாத்தான் இருக்கு.
பெரிசா அடிப்பம்."